அடி அடுக்கில் ஒரு பென்சில் படம்

"திருடன் ரொம்ப மரியாதைக்காரன் டீச்சர்," என்றான் தந்தி, சுவரில் தொங்கிய வெற்றுச் சட்டத்தைப் பார்த்தபடி. "படத்தை எடுத்துக்கிட்டு, கண்ணாடியைத் துடைச்சு, சட்டத்தை மறுபடி ஆணியில மாட்டிட்டுப் போயிருக்கான். எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிகூட இவ்வளவு செய்யறதில்ல."

டீச்சர் சட்டத்தை இறக்கித் திருப்பினார். பின்பக்க அட்டையைப் பிடிக்க நான்கு மூலையிலும் சின்னத் தகடுகள். விரலால் தள்ளினால் திரும்பும், மறுபடி தள்ளினால் மூடும். நான்கும் ஒழுங்காக மூடியிருந்தன.

டீச்சர் இருபத்தெட்டு வருடம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். தந்தி அவருடைய ஒரே உதவியாளன். கூரியர் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் ஓடியவன். கேட்ட விஷயத்தை அரைமணி நேரம்கூட வயிற்றில் வைத்திருக்கத் தெரியாததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"காணாமப் போனது ஒரே ஒரு தாள்," என்றார் பதிப்பாளர். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "ஆனா அந்தத் தாள் இல்லாம விழா இல்ல. இதைப் பாருங்க."

எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வண்ணப் படம். வானத்தில் ஒரு ராட்சதப் பறவை. அதன் முதுகில் மாடமும் படிக்கட்டும் ஜன்னல் விளக்குமாக ஒரு முழு ஊர். பறவையின் கழுத்தில் கடிவாளத்தைப் பிடித்தபடி ஒரு பெண். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பொன்னிற மேகம்.

"எங்க மாயாஜால நாவல் வரிசைக்கு அட்டைப்படம். முழுக்க கம்ப்யூட்டர்ல தீட்டினது. ஆனா மூலம் ஒரு பழைய பென்சில் படம். ஓவியர் பதினாறு வயசுல போட்டதாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வெளியீட்டு விழாவுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டலாம்னு இருந்தேன். திங்கக்கிழமை அட்டை அச்சுக்குப் போகுது. நேத்து இருந்த பென்சில் படம் இன்னிக்கு இல்ல."

"ஓவியர் என்ன சொல்றார்?"

"போனா போகட்டும், பென்சில் படம் இல்லாமலே விழாவை நடத்துங்கன்னு சொல்றார். பெரிய மனசு."

ஓவியர் வரைகிற வீடியோ ஒன்றைக் காட்டிவிட்டு, பதிப்பாளர் காணாமல் போன படத்தின் கம்ப்யூட்டர் நகல் ஒன்றை அச்செடுத்துத் தந்தார். டீச்சர் அதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தார்.

"நேத்து வெளியாள் யாரும்மா வந்தது?" என்று கேட்டார்.

"ஒரே ஒருத்தங்கதான் மேடம்," என்றாள் வரவேற்பறைப் பெண். "மத்தியானம் ஒரு மணிக்கு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். அந்தப் பென்சில் படத்துக்கு முன்னாடி அரைமணி நேரம் நின்னாங்க. உக்காருங்கன்னு சொன்னேன், காதுல விழல. அப்புறம் நான் சாப்பிடப் போயிட்டேன்."

வருகைப் பதிவேட்டில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. பெயர் படிக்க முடியவில்லை. ஆனால் தாளின் ஓரத்தில் வெள்ளைத் தூளில் பதிந்த ஒரு விரல். அதன் பக்கத்தில் கடுகளவு ரோஸ் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

"பவுடர். ரோஸ் நகப்பூச்சு," என்றான் தந்தி. "அலங்காரம் முடிஞ்சு, கைகழுவாம வந்திருக்காங்க."

டீச்சர் அந்த ரோஸ் துணுக்கை நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"மெழுகு. பல் செட் செய்யற மெழுகு. வெள்ளைத்தூள், அச்சு எடுக்கற பிளாஸ்டர்."

"அது எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போன மாசம் என்னைக் கடிக்கச் சொன்னாங்க."

தந்திக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. "டீச்சர், உங்களுக்குப் பல் செட்டா?"

"ரெண்டே ரெண்டு பல்லு."

"நான்கூட சிரிப்பு நல்லாயிருக்கேன்னு நெனச்சேன்."

"இதை எவன்கிட்டயாவது சொன்னே, உன் பல்லுக்கும் மெழுகு தேவைப்படும்."

"சத்தியமா சொல்ல மாட்டேன். ஆனா நம்ம கேஸ்ல தடயம் பல்லைக் காட்டறது இதுதான் முதல் தடவை."

டீச்சரின் பல் டாக்டரிடம் ஒரு போன். அந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லாப் பல் மருத்துவமனைகளுக்கும் பல் செய்து தருவது ஒரே ஒரு கூடம்தான் என்று தெரிந்தது. பதிப்பகத்திலிருந்து நடந்தே போகிற தூரம்.

* * *

நீளமான ஒரு அறை. சன்னலோரமாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் சின்ன சுடர் விளக்கு, கத்திகள், பிளாஸ்டர் தாடைகள். சொந்தக்காரர்கள் வருவதற்காக வாயைத் திறந்தபடி காத்திருப்பதுபோல் அலமாரி முழுக்க தாடைகள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஐந்து பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

கடைசி மேஜையில் இருந்த பெண்ணுக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். டீச்சர் நேராக அவரிடம் போனார்.

"நேத்து மத்தியானம் பதிப்பகத்துக்குப் போனீங்களா?"

"போனேன்."

"அங்க ஒரு பென்சில் படத்தைப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"இப்ப அந்தப் படம் அங்க இல்ல. உங்க பையைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

அறையில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். நான்கு தலைகள் நிமிர்ந்தன. டீச்சரின் குரல் அப்படி, வகுப்பின் கடைசி வரிசை வரை கேட்கும்.

அந்தப் பெண் பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், குடை, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஒரு கர்ச்சீப், ஒரு கடித உறை. அவ்வளவுதான். பிறர் பார்க்கக் கூடாத பொருள் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் காது நுனி சிவந்துவிட்டது.

உறையின்மேல் எழுதியிருந்ததைத் தந்திதான் முதலில் படித்தான். 'ஓவியரின் அக்கா அவர்களுக்கு.' உள்ளே விழா அழைப்பிதழ்.

"டீச்சர்," என்றான் மெல்லிய குரலில். "தப்பான கதவைத் தட்டிட்டோமோ?"

டீச்சர் அழைப்பிதழை உறைக்குள் வைத்தார். அதற்குள் ஒரு பையன் வந்து பார்சல் நோட்டை நீட்ட, அக்கா வலது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதிவேட்டில் பார்த்த அதே கிறுக்கல். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கத்தியைச் சுடரில் காட்டி மெழுகைச் செதுக்கத் தொடங்கினார். இடது கையால். மூன்றே இழுப்பில் ஒரு கடைவாய்ப் பல்லின் பள்ளமும் மேடும் பிறந்தன.

எழுதுவது வலது கை. செய்வது இடது கை. இப்படி ஆனவர்களை டீச்சருக்குத் தெரியும். அவரே ஆக்கியிருக்கிறார்.

பையிலிருந்த நகலை எடுத்து விரித்தார். பறவையின் இறக்கையில் நிழலுக்காகப் போட்ட நூற்றுக்கணக்கான சின்னக் கோடுகள். எல்லாமே மேலே இடப்பக்கம் தொடங்கி, கீழே வலப்பக்கம் சரிந்தன. வலது கைக்காரன் வேகமாகக் கோடு போட்டால் எதிர்ப்பக்கம்தான் சாயும். போதாததற்கு, போட்ட கோட்டின்மேலேயே உள்ளங்கை தேய்த்துக்கொண்டு போன கரி மங்கல். இடது கைப் பிள்ளைகளின் கணக்கு நோட்டு முழுக்க இப்படித்தான் இருக்கும்.

"ஓவியர் எந்தக் கையால வரைவார்?" என்றார் தந்தியிடம்.

"வலது. பதிப்பாளர் வீடியோ காட்டினாரே, அதுல பாத்தேன்."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இந்தப் படம் நீங்க வரைஞ்சது."

கத்தி நின்றது. "ஆமா."

"அப்ப உங்க பொருளை நீங்க எடுத்துக்கிட்டீங்களா?"

அக்கா கத்தியை மேஜையில் வைத்தார். பிறகு, "ஆமா, நான்தான் எடுத்தேன்னு எழுதிக்குங்க. அதோட விட்டுடுங்க," என்றார்.

"சட்டத்தை எப்படிப் பிரிச்சீங்க?"

"பின்னாடி ஆணி அடிச்சிருந்தது. கத்தியால நெம்பினேன்."

தந்தி வாயைத் திறந்தான். டீச்சர் அவன் காலை மிதித்தார்.

* * *

"அந்தச் சட்டத்துல ஆணியே கிடையாது," என்றான் தந்தி, தெருவுக்கு வந்ததும். "திருடினவங்க திருடலைன்னு பொய் சொல்லிக் கேட்டிருக்கேன். இது என்ன தலைகீழ்ப் பாடம்?"

"யாரையோ காப்பாத்தறாங்க."

"இந்தக் கேஸ்ல இன்னும் ஒரே ஒரு ஆள்தானே மிச்சம்?"

டீச்சர் வரவேற்பறைப் பெண்ணுக்குப் போன் போட்டார். "நேத்து வெளியாள் ஒருத்தங்கன்னு சொன்னியேம்மா. உங்க ஆள் யாராவது வந்தாங்களா?"

"நம்ம ஓவியர் சார் சாயந்திரம் அஞ்சு மணிக்கு, நான் கிளம்பற நேரத்துல வந்தார். வண்ணம் சரியா அச்சாகியிருக்கான்னு பாக்கணும்னார். சட்டத்தைக்கூட அவரே இறக்கித் துடைச்சுக்கிட்டிருந்தார். அவர் நம்ம வீட்டு ஆள் மாதிரிதானே மேடம், அதனால சொல்லல."

"இதை முதல்லயே கேட்டிருக்கணும்," என்றார் டீச்சர் போனை வைத்துவிட்டு. "கேட்டிருந்தா அந்த அம்மா பையைக் கொட்டியிருக்க வேண்டாம்." இருவரும் நேராக ஓவியர் வீட்டுக்குப் போனார்கள்.

* * *

ஓவியரின் வேலையறை இரண்டாவது மாடியில் இருந்தது. திரைச்சீலைகள் இழுத்து விடப்பட்டிருந்தன. சாய்வு மேஜைமேல் பெரிய திரை, அதன்மேல் வரையும் பேனா. நாற்பது வயது மனிதர், நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது.

"அட்டைப்படத்தைப் பாக்கலாமா?" என்றார் டீச்சர்.

அவர் திறந்தார். பறவையும் ஊரும் திரையில் ஒளிர்ந்தன.

"இது எத்தனை அடுக்கு?"

"எண்பத்தேழு லேயர்."

"மேலேருந்து ஒவ்வொண்ணா அணைங்க. அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்."

பேனா தட்டத் தட்டப் படம் உரிந்தது. வெயில் போனது. ஜன்னல் விளக்குகள் அணைந்தன. இறகுகளின் பளபளப்பு, வானத்தின் நீலம், ஊரின் செங்கல் நிறம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. அடியிலிருந்து பென்சில் கோடுகள் மேலே வந்தன. கடைசியில் பொன்னிற மேகம் மட்டும் மிஞ்சியது. பேனா அதன் மேல் போய் நின்றுவிட்டது.

"அதையும்," என்றார் டீச்சர்.

"அதுக்கு அடியில ஒண்ணுமில்ல. காகிதம் கொஞ்சம் தேஞ்சிருக்கும். அவ்வளவுதான்."

"தேஞ்சதைப் பாத்துக்கறேன்."

மேகம் போனது. கடிவாளம் பிடித்த பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ரப்பர் போட்டு அழுத்தி அழித்த ஒரு திட்டு. காகிதமே நார் நாராக எழும்பியிருந்தது.

"கறுப்பைக் கூட்டிக் காட்டுங்க."

அவர் பேனாவை நகர்த்திக் கூட்டினார். அழித்த இடத்தில் பென்சில் அழுந்திய தடம் மெல்ல இருண்டு எழுந்தது. ஒரு சின்னப் பையன். கட்டம் போட்ட சட்டை. முன்னால் இருக்கும் பெண்ணின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். வாய் கொள்ளாத சிரிப்பு.

தந்தி திரையருகே குனிந்து பார்த்தான்.

"யார் இந்தப் பையன்?" என்று தந்தி கேட்டான். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"நான்," என்றார் ஓவியர்.

வரைபலகைக்கு அடியில் கை விட்டு ஒரு பழுப்பேறிய தாளை இழுத்து மேஜைமேல் வைத்தார். "கிழிச்சுப் போட்டுடலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். மனசு வரல."

பிறகு அவராகவே சொன்னார். யாரையும் பார்க்காமல், திரையில் இருந்த பையனிடம் சொல்வதுபோல.

"அக்காவுக்குப் பதினஞ்சு வயசு, எனக்கு எட்டு. அவளுக்கு இடது கை. எங்க அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. எழுதறது, சாப்பிடறது எல்லாம் அடிச்சு அடிச்சு மாத்திட்டார். ஆனா மொட்டைமாடித் தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி உக்காந்து இடது கையாலதான் வரைவா. எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் அவ வண்ணப் பென்சில் டப்பாவைக் கேட்டேன். தரமாட்டேன்னா. அப்பாகிட்ட போய் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு மாசம் அவ இடது கையைத் துண்டால முதுகுப் பக்கம் கட்டி வெச்சார். நோட்டையெல்லாம் வெந்நீர் அடுப்புல போட்டார். அந்தக் குவியல்லேருந்து இந்த ஒரு தாளை நான் உருவிக்கிட்டேன். காப்பாத்தணும்னு இல்ல. பறவை அழகா இருந்தது, அவ்வளவுதான். அவ அதுக்கப்புறம் வரையவே இல்ல. நான் ஓவியனாயிட்டேன்."

தாளின் ஓரத்தைத் தடவினார். "போன வருஷம் பெட்டியில கிடைச்சது. சும்மா வண்ணம் தீட்டிப் பாக்கலாம்னு ஸ்கேன் பண்ணினேன். பதிப்பாளர் பாத்துட்டு, இது எப்ப வரைஞ்சதுன்னு கேட்டார். பதினாறு வயசுலன்னு வாய் தவறி வந்துடுச்சு. வந்த பொய்யைத் திருப்பி எடுத்துக்க முடியல. மூணாவது நாள் கறுப்பைக் கூட்டினப்பதான் இவன் வெளிய வந்தான். நான் அப்பாகிட்ட காட்டிக் குடுத்த அன்னிக்கே அவ என்னை அழிச்சிருக்கா. எனக்கு இது இத்தனை வருஷமா தெரியாது. மேல ஒரு மேகத்தைப் போட்டு மூடிட்டேன்."

"நேத்து ஏன் எடுத்தீங்க?"

"அக்காவுக்கும் அழைப்பு அனுப்பிட்டேன்னு பதிப்பாளர் சந்தோஷமா சொன்னார். அவ வந்து நின்னு, அந்தப் படத்துக்குக் கீழ என் பேரைப் படிக்கறதை... என்னால முடியாது மேடம். அவ பாக்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும்னு ஓடினேன்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்ததுபோல் இருந்தது.

"நீங்க சாயந்திரம் அஞ்சு மணிக்குப் போனீங்க. அவங்க ஒரு மணிக்கே பாத்துட்டாங்க. அரைமணி நேரம் நின்னு பாத்திருக்காங்க. உங்க பேரையும்தான். இன்னிக்குக் காலைல நான் கேட்டப்ப, திருடினது நான்தான்னு உங்களுக்காக ஒத்துக்கிட்டாங்க."

ஓவியர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"கிளம்புங்க," என்றார் டீச்சர். "நானும் வர்றேன். எனக்கும் அங்க ஒரு வேலை பாக்கியிருக்கு."

* * *

மதியம் மூன்று மணி. பல் கூடத்தில் அதே ஐந்து பேர். டீச்சர் உள்ளே நுழைந்ததும் மோட்டார் தானாகவே நின்றது.

அவர் அறையின் நடுவில் நின்றார். காலையில் பேசிய அதே குரலில், கடைசி மேஜை வரை கேட்கும்படி பேசினார்.

"காலைல இந்த அம்மாவோட பையை எல்லார் முன்னாடியும் கொட்ட வெச்சேன். இவங்க எதையும் எடுக்கல. காணாமப் போன படமே இவங்க வரைஞ்சதுதான். விசாரிக்காம வந்தது என் தப்பு. மன்னிச்சுக்குங்கம்மா."

அக்கா எழுந்து நின்றார். "பரவாயில்ல, விடுங்க."

"இன்னும் ஒண்ணு இருக்கு." இப்போது டீச்சரின் குரல் முன் வரிசைக்குக்கூடக் கேட்காது. "நான் வாத்தியாரா சேர்ந்த புதுசுல, இடது கையால எழுதற பிள்ளைங்களை ஸ்கேல் ஓரத்தால விரல் முட்டியில அடிப்பேன். நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சேன். ஒரு நாலு வருஷம். எத்தனை பேருன்னு ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லைங்கறதுதான் இன்னிக்கு ரொம்ப உறுத்துது."

அக்கா அவரைப் பார்த்தார். "அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்," என்றார். குத்திக்காட்டுகிற தொனி இல்லை, தெரிந்ததைச் சொன்னார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலில் நின்ற தம்பியை அப்போதுதான் அக்கா கவனித்தார். அவர் உள்ளே வந்து தாளை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் அக்கா. மெழுகு ஒட்டிய கட்டைவிரல் அந்த அழித்த திட்டின்மேல் ஒருமுறை போய் வந்தது.

"அக்கா, பதிப்பாளருக்கு வர்ற வழியிலேயே போன் பண்ணிட்டேன். வரைஞ்சது நீன்னு சொல்லிட்டேன். அட்டையில உன் பேர்தான் முதல்ல வரும். அதுக்கு அவர், உங்களுக்கு ஓவியம்னா பிடிக்குமான்னு அக்காவுக்கு அழைப்போட ரெண்டு வரி எழுதியிருந்தேனேன்னார்."

"எழுதியிருந்தார். அதான் போய்ப் பாத்தேன்."

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"வண்ணமெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கே," என்றார் அக்கா. "இறக்கையோட அடிப்பக்கம் அந்த ஊதா, நான் மனசுல வெச்சிருந்த ஊதாதான். மேகம்தான் நல்லாயில்ல."

தம்பி அவசரமாக நிமிர்ந்தார். "அதை எடுத்துடறேன். அந்தப் பையனை அதே இடத்துல மறுபடி வரைஞ்சு வண்ணம் குடுத்துடறேன். தடம் இன்னும் தெரியுதுக்கா. திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"வேண்டாம்."

"அக்கா..."

"மேகத்தை மட்டும் எடு. அந்த இடம் அழிச்சது அழிச்ச மாதிரியே இருக்கட்டும்."

"அச்சுல பாத்தா, அங்க என்ன ஆச்சுன்னு எல்லாரும் கேப்பாங்களே."

அக்கா தாளை மடிக்காமல் அலமாரியில், தாடைகளுக்கு மேல் தட்டில் பத்திரமாக வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, கத்தியைச் சுடரில் காட்டினார்.

"கேட்டா, நீ சொல்லு," என்றார்.